வச்சுக் குடுக்கிற ரகம்

தாம்பரத்தில் எந்தப் புடவைக்கடைக்குப் போனாலும் சரி, படியேறிய மூச்சு அடங்குவதற்குள் ஒருவர் வந்து கேட்பார்: "கட்டிக்கவாக்கா, வச்சுக் குடுக்கவா?"

இந்தக் கேள்வியில் இருக்கும் அயோக்கியத்தனம் யாருக்குமே உறைப்பதில்லை. கட்டிக்கொள்ள என்றால் ஒரு மாடி, வைத்துக் கொடுக்க என்றால் வேறு மாடி. வைத்துக் கொடுப்பது என்றால், வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் சொந்தக்காரப் பெண்களுக்கெல்லாம் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு புடவையை வைத்து நீட்டுவது. அந்தப் புடவையை யாரும் கட்டப்போவதில்லை என்று கொடுக்கிறவளுக்குத் தெரியும், வாங்குகிறவளுக்குத் தெரியும், நெய்தவனுக்கும் தெரியும். தொட்டால் நகத்தில் நூல் மாட்டும். இடுப்பில் நிற்காமல் வழுக்கும். தண்ணீரில் போட்டால் பக்கெட் முழுக்க நீலம். அதனால் என்ன? அட்டை வைத்து மடித்துப் பளபள கவரில் போட்டாகிவிட்டதே! கவரைப் பிரிக்காமலே பீரோவுக்குள் போய், அடுத்த வளைகாப்புக்கு இன்னொரு தட்டில் ஏறி, இன்னொரு பீரோவுக்குள் போய்விடும். மனுஷி உடம்பையே பார்க்காமல் ஒரு துணி ஆயுசு முழுக்கப் பயணம் போவதை இந்த ஊரில்தான் பார்க்கலாம்.

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது இந்தக் கூத்து என் வாசலுக்கும் வந்தது. எனக்கு ஒரே பிள்ளை, பெண் கிடையாது. எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும், மீதி இரண்டு முடிச்சை அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும். கூடப்பிறந்தவள் இல்லாவிட்டால், முறைப்பெண்ணே ஆனாலும், எங்கள் வழக்கத்தில் அத்தை மகள்தான் போடவேண்டும். அத்தை என்றால் என் கணவரின் அக்கா, அதாவது என் நாத்தனார். கீழ்க்கட்டளையில் இருக்கிறார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் மனம் கோணினால் மகளை மேடைக்கு அனுப்பமாட்டார். மனம் கோணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

என் கணவர் வீட்டார் கோவிலம்பாக்கத்துப் பழைய குடும்பம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது அபார்ட்மென்ட் நின்று வாடகை விளைகிறது. எனவே கௌரவத்துக்குக் குறைச்சலில்லை. அந்தக் கௌரவத்தை அளக்கிற கருவி துணி. யார் எந்தப் புடவையைக் கொடுத்தாலும் என் நாத்தனார் முந்தானையின் ஓரத்தை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்து ஒரு கசக்குக் கசக்குவார். பிறகு "ம்" என்பார். அந்த "ம்" நீளமாக வந்தால் பிழைத்தோம். குட்டையாக வந்தால் அடுத்த பொங்கல் வரைக்கும் பேச்சு இருக்காது.

ஆனால் என் கணவருக்கு அந்த அக்கா என்றால் உயிர். தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அவருக்குப் போன் பண்ணுவார். "தண்ணி வந்துச்சாக்கா?" என்பார். அங்கே தண்ணீர் லாரி வந்தது, வரவில்லை என்று ஏதோ பதில் வரும். அவ்வளவுதான் பேச்சு, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அதைப் பேசிவிட்டால்தான் இவருக்குக் காபி இறங்கும். நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன், இவர் கண்டுகொண்டதே இல்லை.

எனக்கு வரப்போகிற மருமகள் ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கிறவள். நல்ல பெண். ஆனால் பூமியின் பாரத்தைத் தானே சுமக்கிற மாதிரி பேசுவாள். ஜவுளி எடுக்கிற பேச்சு வந்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஆன்ட்டி, ரிலேட்டிவ்ஸ் எல்லாருக்கும் பாலியஸ்டர் சேரியா வாங்கப் போறீங்க? அது மண்ல மக்கவே மக்காது ஆன்ட்டி. கொஞ்சம் சஸ்டெயினபிளா யோசிக்கலாமே."

"ரிலேட்டிவ்ஸும்தாம்மா மக்கறதில்ல" என்றேன். அவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதோடு விட்டாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் செம்பாக்கம் ஏரிப்பக்கம் ஒரு ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூமியைக் காப்பாற்றும் துணிக் கண்காட்சியாம். வாசலில் ஆட்டோ நுழைய வழியில்லை, அத்தனை கார். ஒரு ஆளுக்கு ஒரு கார் என்று வந்து இறங்கி எல்லாரும் துணிப்பையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

உள்ளே தொங்கியதெல்லாம் மண் நிறம், சாம்பல் நிறம், துவைக்காத நிறம். ஒரு குர்தாவைத் தொட்டுப் பார்த்தேன். கடைப்பெண் ஓடி வந்து, "நேச்சுரல் டை ஆன்ட்டி, அதனால சாயம் கொஞ்சம் போகும்" என்றாள். அடேங்கப்பா! தாம்பரத்தில் சாயம் போனால் துணியை அவன் மூஞ்சியிலேயே விட்டெறியலாம். இங்கே சாயம் போவதற்கென்று தனியாக ஒரு விலை. விலை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி அந்தக் குர்தாவை மெதுவாகத் திரும்ப மாட்டினேன்.

மூலையில் பழந்துணி ஒரு வரிசை. பழந்துணி என்று சொல்லக்கூடாதாம், "ப்ரீ லவ்ட்" என்று சொல்லவேண்டுமாம். லவ் பண்ணிய லட்சணத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கடை அட்டைகூடக் கிழிக்கப்படவில்லை. வாங்கி, ஒரு நாள்கூடப் போடாமல், இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டு, அந்தப் புண்ணியத்தோடு எதிர் ஸ்டாலில் கை நிறையப் புதுசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். குறைவாக வாங்குங்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த போஸ்டருக்குக் கீழேதான் பில் போடுகிற வரிசை நின்றது.

"இந்தக் குர்தா அஞ்சு வருஷம் உழைக்கும் ஆன்ட்டி" என்று மருமகள் ஒன்றைக் காட்டினாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "அஞ்சு வருஷமா? ஒரு நைட்டிய நான் எத்தன வருஷம் போடறேன் தெரியுமா உனக்கு? மொத ரெண்டு வருஷம் காய்கறி வண்டி வரைக்கும் போகும். அப்புறம் வீட்டுக்குள்ள மட்டும். கையிடுக்கு கிழிஞ்சா தைப்பேன். தச்ச எடத்துக்குப் பக்கத்துல கிழிஞ்சா தலகாணி உறை. அதுவும் போச்சுன்னா அடுப்புத் துணி. அதுக்கும் அப்புறம் பாத்ரூம் குழாய் ஒழுகற எடத்துல சுத்திக் கட்டிடுவேன். உங்க பூமித் துணி எதையாவது குழாய்ல கட்டிப் பார்த்திருக்கியா நீ?"

பக்கத்து ஸ்டாலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ பேசாம அதையே எல்லாருக்கும் வச்சுக் குடுங்க ஆன்ட்டி" என்றாள்.

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்ததும் பளபள கவர்கள் சரிந்து என் காலிலேயே விழுந்தன. யார் கொடுத்தது, எந்த விசேஷத்துக்குக் கொடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. எல்லாமே கட்டாத புடவைகள். நான் அன்றாடம் மாட்டிக்கொண்டு நிற்கிற துணிக்கு அந்த பீரோவில் இடம் இல்லாமல் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். இந்த ஊரில் அத்தனை பெண்களும் காலையில் பால் வாங்குவதிலிருந்து ராத்திரி கதவைச் சாத்துவது வரைக்கும் நைட்டியில்தானே கிடக்கிறோம்? தோளில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் அதுவே தெருவுக்குப் போகிற உடுப்பு. பிறகு எந்த மகாராணிக்காக இந்தப் புடவையெல்லாம்? சீ என்று ஆகிவிட்டது. நைட்டிதான் கொடுக்கப்போகிறேன் என்று முடிவு செய்தேன்.

கணவரிடம் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "வேணாம். விளையாடாத. மத்தவங்களுக்கு என்னமோ பண்ணிக்க. அக்காவுக்கு மட்டும் ஒரு பட்டு எடுத்துடு."

"முடிச்சுப் போடற பொண்ணுக்குப் பட்டு எடுத்தாச்சு. அவ கட்டிக்கிட்டு மேடையில நிக்கப் போறா, அதனால எடுத்தேன். உங்க அக்கா கசக்கிப் பாத்துட்டு பீரோவுல வைக்கறதுக்கு நான் பட்டு எடுக்க முடியாது."

"அக்கா பேசாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் என்ன ஏனோதானோ என்றா வாங்கினேன்? குரோம்பேட்டையில் நைட்டி மட்டுமே விற்கிற ஒரு சந்துக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் என் நாத்தனார் மாதிரியே கசக்கிப் பார்த்தேன். நல்ல காட்டன், கையிடுக்கில் இரட்டைத் தையல், போன் வைக்க பாக்கெட். புடவை என்றால் அளவு கேட்கவேண்டாம், ஒல்லியோ குண்டோ எல்லாருக்கும் ஒரே ஆறு கஜம். நைட்டிக்கு அளவு வேண்டுமே? ஒவ்வொருத்தியையும் மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்து அளவு சொன்னேன். வீட்டுக்கு வந்து மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு நைட்டியின் கழுத்துப் பட்டைக்கு உள்பக்கமும் ஒரு பொட்டு வைத்தேன். புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் எப்படிக் கொடுப்பது? அந்த முறையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் பெண்கள் அறையில் தட்டுத் தட்டாகக் கொடுத்துவிட்டு மேடைப் பக்கம் வந்துவிட்டேன். ஐயர் மந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் ஊதி ஓய்ந்த நேரம் பார்த்து, அறையிலிருந்து என் நாத்தனார் வெளியே வந்தார். கையில் நான் கொடுத்த மெரூன் நைட்டி, கொடியில் காயப்போட எடுத்துப்போகிற மாதிரி விரிந்து தொங்கியது.

"இன்னாது இது?"

"நைட்டி, அண்ணி. நல்ல காட்டன்."

"தெரியுது. கண்ணு அவிஞ்சா கீது எனக்கு? தம்பி புள்ள கண்ணாலத்துக்கு அத்தைக்கு நைட்டியா? இத மாட்டிக்கினு மேடைக்கு வரணுமா நானு?"

"வீட்டுல போட்டுக்கத்தான் அண்ணி. நாமெல்லாம் தெனமும் போடறதுதானே?"

அவர் கழுத்துப் பட்டையைப் புரட்டினார். அங்கே தைத்திருந்த துண்டு லேபிளைப் பார்த்தார். அதை நான் யோசிக்கவே இல்லை. புடவையிலே பிறந்து புடவையிலே வளர்ந்த ஊரில் ஒருத்தியின் அளவை எழுதி அவள் கையிலேயே கொடுத்தவள் அதுவரைக்கும் யாரும் இருந்திருக்கமாட்டாள்.

"டபுள் எக்ஸெல்லு!" என்றார். குரல் கிறீச்சிட்டது. "ஊரக் கூட்டி வச்சி எனக்கு சைஸ் சொல்றியா நீ?"

நாற்காலியில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நாத்தனாரின் முகம் கறுத்தது. மணமேடைக்குப் பக்கத்தில் பட்டுடுத்தி நின்ற மகளைப் பார்த்து, "ஏய், வாடி, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

ஐயர் நிமிர்ந்து, "நாத்தனார் முடிச்சுக்கு யாரும்மா?" என்று சத்தம் போட்டார். என் கணவர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "அக்கா" என்றார். நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மகள் அசையவில்லை. "அம்மா, நீ போறதுன்னா போ. நான் முடிச்சு போட்டுட்டுதான் வருவேன். மாமா மூஞ்சியப் பாரு" என்றாள்.

முடிச்சு விழுந்தது. கெட்டிமேளம் முடிகிற வரைக்கும் நாத்தனார் மண்டப வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல் போய்விட்டார். தம்பி மகன் கல்யாணத்தில் அத்தை கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நைட்டியை எங்கேயாவது விட்டெறிந்திருப்பார் என்று அறை முழுக்கத் தேடினேன். காணவில்லை. யாரோ சுருட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வாயைப் பொத்திச் சிரித்தார்களே, அதே பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போன் பண்ணினார்கள். கல்யாணம் விசாரிக்கிற சாக்கில் சுற்றி வளைத்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அந்த நைட்டி எங்க எடுத்த? துவைக்கத் துவைக்க மெத்து மெத்துன்னு இருக்கு" என்பார்கள். ஏன், மண்டபத்தில் இதை வாய் திறந்து சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? வெட்கங்கெட்ட ஜென்மங்கள். கடை பெயரைச் சொல்லாமல் போனை வைத்தேன்.

ஆனால் எனக்கு வேண்டியிருந்த போன் மட்டும் வரவில்லை. இவர் காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு அக்கா நம்பரை அழுத்துவார். மணி அடித்து அடித்து நிற்கும். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டேங்க் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தீர்த்திருப்பேன்.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானையும் எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அக்கா வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டதாம், உள்ளே வா என்று சொல்லவில்லையாம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். "எனக்குன்னு இருக்கறது ஒரு அக்கா" என்று சொல்லிவிட்டு அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் செய்தது தப்பு என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த மனிதரை இப்படி உட்காரவைத்து எனக்கு எந்தக் கொள்கையும் வேண்டாம்.

மறுநாள் தாம்பரத்துக்குப் போனேன். மூச்சு அடங்குவதற்குள் அதே கேள்வி வந்தது. "கட்டிக்கிட்டா நல்லதுப்பா" என்றேன். அந்த ஆளுக்குப் புரியவில்லை. நல்ல பட்டாக ஒன்றை எடுத்தேன். எவ்வளவு கசக்கினாலும் நீளமான "ம்" வரக்கூடிய ரகம். என்னையே நான் காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

இவர் என்னை ஸ்கூட்டரில் கீழ்க்கட்டளைக்குக் கூட்டிப்போனார். தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீ போய்ப் பேசு. நான் இங்கயே நிக்கறேன்" என்றார். தெருவின் நடுவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது. பாதித் தெரு குடத்தோடு அதைச் சுற்றி நின்றது. நான் பட்டுப் பையை இடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

நாத்தனார் கதவைத் திறந்தார். தோளில் துண்டு. உடம்பில் அந்த மெரூன் நைட்டி. பாக்கெட்டில் போன் புடைத்துக்கொண்டிருந்தது. அளவு கச்சிதம், அவருக்கென்றே தைத்த மாதிரி.

நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"இன்னா பாக்கற? இது நான் வாங்கனது. தெருவுல ஒருத்தன் வித்துகினு வந்தான்."

"நல்லா இருக்கு அண்ணி."

"ம். வா உள்ள."

உட்காரவைத்துக் காபி கொடுத்தார். டம்ளரை வைக்கக் குனிந்தபோது கழுத்துப் பட்டையின் உள்பக்கம் தெரிந்தது. லேபிளைக் கத்தரித்திருந்தார். அதற்குப் பக்கத்தில் நான் வைத்த மஞ்சள் பொட்டு வெளுத்துப்போய் இன்னும் இருந்தது. எத்தனை துவை துவைத்திருக்கிறாரோ! வாய் வரைக்கும் வந்ததைக் காபியோடு விழுங்கினேன்.

பட்டுப் புடவையை நீட்டினேன். கசக்கினார். நீளமாக ஒரு "ம்". எழுந்து பீரோவைத் திறந்தார். அடேயப்பா, என் வீட்டு பீரோவேதான், அதே பளபள கவர்கள், அதே சரிவு. புடவையை மேலே செருகி, முழங்காலால் முட்டிக் கதவைச் சாத்தினார். "எங்க கட்டப் போறேன் இத" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு திரும்பாமலே கேட்டார்: "அவன் வரல?"

"டீக்கடையில நிக்கறார் அண்ணி. வர பயம்."

துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டி, லாரியைத் தாண்டி, குடத்தோடு நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் நின்று கத்தினார்: "டேய்! தெருவுல இன்னாடா நின்னுகினு கீற? உனுக்கு வூடு இல்ல?"

இவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அக்காவின் முன்னால் வந்து நின்றார். கண் கலங்கிப்போய், அந்த லாரிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"தண்ணி வந்துச்சாக்கா?"

"தோ நிக்குதே லாரி, கண்ணு தெரியல?" நாத்தனார் மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பின்னாலேயே வந்து நின்ற என் பக்கம் கையை மட்டும் நீட்டினார், முகத்தைத் திருப்பவில்லை. "ஒம் பொண்டாட்டி குடுத்தாளே, இது ஒன்னுதான் கீது. தொவச்சிப் போட்டா மாத்துக்கு இல்ல. இன்னொன்னு எடுத்தாரச் சொல்லு. அதே சைசு."